பத்து நிமிஷத் தூரம்

"பத்து நிமிஷம்தானேடி! பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறி உட்காரு. மத்ததை இங்கே பார்த்துக்கலாம்."

திருச்சியிலிருந்து அம்மா செண்பகவல்லி போனில் கத்தினாள். சிலி நாட்டுச் சாந்தியாகோ விமான நிலையத்தில், மடிப்பூர்தியின் வாசலுக்கு நாலடி தள்ளி, பூவிழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழாம் மாசம். வளைகாப்புக்குக் கிளம்பியவளுக்கு இடுப்பில் சுரீரென்று வலி.

மடிப்பூர்தி வந்த பிறகு தூரத்துக்கு மரியாதை போய்விட்டது. முன்பு முப்பது மணி நேரம் பறந்த வழியைத் துணி மடிக்கிற மாதிரி மடித்துப் பத்தே நிமிஷத்தில் தாண்டிவிடும். ஆனால் உடம்பின் நேரம் மடியாது, கண்ணுகளா. இருக்கை வாரில் கட்டுண்டு அரைமயக்கத்தில் கிடக்கிற உடம்புக்கு அதே முப்பது மணிதான். மழமழவென்று சவரம் செய்துகொண்டு ஏறும் பூவிழியின் கணவன் முகிலன், முள்தாடியோடு இறங்குவான். "ஊருக்குப் போனா பிளேடு செலவு" என்று எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்ததோடு சரி.

ஞாயிறு தவறாமல் அம்மாவுக்கு முகம் காட்டிவிட்டு வந்தவள் பூவிழி. வயிற்றுக்குள் இருந்ததும் கூடவே பறந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வாசலில் இருந்த மருத்துவர் அவள் வயிற்றில் கருவியை வைத்தாள். முகம் மாறியது.

"இது நிறைமாசம். நீங்கள் பறந்த மணி நேரமெல்லாம் குழந்தையும் உள்ளே வளர்ந்திருக்கிறது. ஏறினால் உள்ளேயே பிரசவம். முப்பது மணி நேரம் கை கொடுக்க ஒருவரும் விழித்திருக்கமாட்டார்கள்."

கதவு மூடப்போவதாக மணி அடித்தது. முகிலன் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். "பூவு, சொல்லு. என்ன பண்ணட்டும்?"

அடுத்த வலி போகும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு போனை வாங்கினாள்.

"அம்மா, நான் ஏறலை. நீ வா."

"நானா? நான் எந்தக் காலத்துல அதுல ஏறினேன்?"

"பத்து நிமிஷம்தானேம்மா!" அந்த வலியிலும் குத்தாமல் விடவில்லை. உடனே குரல் தழைந்தது. "வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு ஏறும்மா."

விமான நிலையத்து மருத்துவ அறையில் குழந்தை வீறிட்டு அழுதபோது, செண்பகவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். உதடு வறண்டிருந்தது. செருப்பு வார் பதிந்து கால் வீங்கியிருந்தது.

"ஏழு மாசம்னாங்களே... தலை நிறைய முடி! நகம்கூட வளர்ந்திருக்குடி!"

பேத்தியைத் தொட்டுவிட்டுக் கட்டில் ஓரம் சரிந்து உட்கார்ந்தாள். கிளம்பும்போது தலையில் வைத்த மல்லிச்சரம் உறுத்த, இழுத்தாள். பழுப்பேறி வாடிய பூக்கள் உதிர்ந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாராவாரம் இப்படியாடி வந்தே? ஒரு வாரம் வராட்டி மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பேனே..."

பூவிழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முகிலனின் போன் அடித்தது. திருச்சி உறையூரிலிருந்து அவன் அம்மா. போனைச் செண்பகவல்லியிடம் நீட்டினான்.

"சம்பந்தியம்மா! வளைகாப்புக்குன்னு சொந்தக்காரங்க எல்லாம் வந்து உட்கார்ந்திருக்காங்க. பத்து நிமிஷம்தானே, புள்ளையைத் தூக்கிட்டு வந்துடுங்க!"

செண்பகவல்லி குழந்தையைப் பார்த்தாள். அது பாலுக்குச் சப்புக்கொட்டியது.

"இல்லீங்க சம்பந்தியம்மா," என்றாள். "ஊரு ரொம்பத் தூரம்."