பூட்டுக்கு வெளியே பதினொன்று

ஆபரேஷனுக்குப் போயிருந்த அண்ணனின் மருத்துவப் பதிவில் நேரம் உதைத்தது. மயக்க மருந்து கொடுத்தது 3.10, சரி. அதற்கு மேலேயே இன்னொரு வரி ஏறியிருந்தது: இறப்பு, 3.52. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று இருபதுதான் ஆகியிருந்தது.

அவள் இன்னொரு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த மருத்துவமனையின் கணினிக்காரி அவள். தப்பு யாருடையது என்று தெரியாதா? ஒரே பதிவை வார்டும் ஆய்வகமும் ஒரே நொடியில் திருத்த வந்தால், ஒன்று முடியும்வரை மற்றது வெளியே நிற்க வேண்டும், அதற்குத்தான் பூட்டு. வேகம் போதவில்லை என்று ஆளாளுக்கு உயிரை எடுத்ததால், போன வாரம் அந்தப் பூட்டை அவளே கழற்றியிருந்தாள். இப்போது யாருடைய சாவோ வரிசை தப்பி அண்ணன் தலையில் விழுந்திருக்கிறது, சனியன்.

வரியை அழித்தாள். பதிவைத் தன் கையால் பூட்டினாள். இனி அவள் விடாமல் அதில் ஒரு எழுத்து ஏறாது. அப்பாடா என்று சாய்ந்தாள். இயந்திரங்களின் ஓயாத இரைச்சலும் சூடேறிய தூசியின் வாடையும் நிறைந்த அந்த நிலவறைக் கணினி அறையில், முதன்முறையாக ஸ்பிரிட் வாடை அடித்தது.

திரையின் ஓரத்தில் ஒரு எண் மாறியது. காத்திருப்பவை: 1.

திறந்து பார்த்தாள். இறப்பு, 3.52. அனுப்பிய கணினி என்ற இடம் காலியாக இருந்தது.

வெளியே நடையில் வெறுங்கால் சத்தம் வந்து, கதவருகே நின்றது.

காத்திருப்பவை: 4. அப்போதுதான் கவனித்தாள். பதற்றத்தில் அண்ணனின் பதிவை மட்டும் பூட்டாமல், எல்லா நோயாளிகளும் உள்ள மொத்த அட்டவணையையும் பூட்டித் தொலைத்திருந்தாள். நாலும் வேறு வேறு நோயாளிகள். நாலும் இறப்பு. நடையில் மேலும் கால்கள். மெதுவாக. ஒன்றன்பின் ஒன்றாக.

3.54க்கு தொலைபேசி அலறியது. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.

"மேடம், உங்க அண்ணனுக்கு ரெண்டு நிமிஷமா இதயம் ஓடல. ஆனா..." அவள் அழுதுகொண்டிருந்தாள். "கண்ணு முழிச்சிருக்காரு மேடம். நெஞ்சு தொறந்து கெடக்கு, வலிக்குதுன்னு சொல்றாரு. மேல வார்டுலயும் இப்படித்தானாம். போகவே மாட்டேங்கிறாங்க."

"மருந்து குடுங்க! எதாவது பண்ணுங்க!"

"குடுத்துட்டோம் மேடம். எதுவும் ஏறல. உங்களத்தான் கூப்பிடுறாரு."

பூட்டை விடும் விசைமேல் விரல் இருந்தது. ஒரு தட்டு. அவ்வளவுதான். தட்டினால் அண்ணன் போய்விடுவான். அவளால் முடியவில்லை.

காத்திருப்பவை: 11.

"பாப்பா..." தொலைபேசியில் அண்ணனின் குரல். "எவ்ளோ நேரம் நிக்க வைப்ப? கால் வலிக்குது."

அதே வார்த்தைகள், அதே நொடியில், கதவுக்கு வெளியேயும் கேட்டன.

குனிந்து பார்த்தாள். கதவின் அடியில், வெளிச்சக் கீற்றில், அண்ணனின் வளைந்த கால் கட்டைவிரல். அவன் குதிகாலை ஒட்டி இன்னொரு ஜோடி கால். அதன் பின்னால் இன்னொன்று. ஒன்றையொன்று முந்தாமல், நடை முடியும்வரை.