ஏரியல் திரும்பிய பக்கம்

மத்தேயுவின் குரல் றேடியோவில் தெளிவாகத்தான் வந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் காற்றுத்தான் இல்லை.

வெளியிலோ முல்லைத்தீவுக் கரை முழுவதையும் காற்று பிய்த்து எறிந்துகொண்டிருந்தது. கூரைத் தகரம் கிடந்து அடித்தது, சன்னலால் உப்பும் அழுகிய பாசியும் மணத்தன, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னரே வீடு இருண்டு, ஆளில்லாக் கதிரையின் நிழலைப் பார்த்துக்கூட யூலிற்றா திடுக்கிட்டாள். கடலில் நிற்கிற மனுசனின் குரலில் ஒரு இரைச்சலுமில்லையே என்று அவளுக்கு ஒரு கணம் பட்டது. ஆனால் புருசன் உயிரோடிருக்கிறான் என்ற சந்தோசத்தில் அதெல்லாம் எங்கே நிற்கும்!

தபால் கந்தோரில் தந்தி அடிக்கிற மத்தேயுவுக்கு றேடியோ என்றால் விசர். பட்டாளத்தார் கழித்துவிட்ட செற்றுகள் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் குரலை உயர்ந்த அலைக்கு ஏற்றுகிற பெட்டியைத் தன் கையாலேயே செய்து பூட்டியிருந்தான். ஒன்று வீட்டில். மற்றதை, எவ்வளவு தூரம் கதைக்கலாம் என்று பார்க்க, காலையில் கடல் எண்ணெய்போலக் கிடந்த நேரம் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு தனியே போனான். வேண்டாமென்று அவள் தலைகீழாக நின்றாள். கேட்டால்தானே.

பகல் மங்குகிற மைம்மல் பொழுதில் கடல் பக்கமிருந்து பெயர் கேட்டால் அந்தக் கரையில் ஒருவரும் உடனே வாய் திறக்கமாட்டார்கள். மூன்றாம் முறையும் கூப்பிட்டால்தான் அது மனுசன். றேடியோக்காரரோ எப்போதும் மூன்று முறைதான் கூப்பிடுவார்கள். இந்தக் குரலும் மூன்று முறை கூப்பிட்டது. யூலிற்றா யோசிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டாள்.

“எங்கையப்பா நிக்கிறியள்?”

“கிட்டத்தான். நீ கதைச்சுக்கொண்டிரு. உன்ர குரலைப் பிடிச்சுக்கொண்டு வாறன்.”

அவள் கதைத்தாள். அழுதாள், ஏசினாள், மாதாவை மன்றாடினாள், கதவு திறந்துதான் கிடக்குது வாங்கோ என்று கெஞ்சினாள். செற்றுக்குப் பூட்டியிருந்த லொறி பற்றரி இறங்கி, செற்றின் சின்ன வெளிச்சம் சிவந்துகொண்டு வந்தது. நிற்பாட்டினால் புருசன் திசை தெரியாமல் செத்துப்போவான் என்ற பயத்தில் அவள் பொத்தானை விடவேயில்லை.

“கதவைத் திறந்தே விடு, யூலிற்றா.”

அவள் விறைத்துப்போனாள். பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மற்றப் பக்கம் கேட்காது. செற்றின் காது அடைபட்டுவிடும் என்று மத்தேயு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். விரல் இன்னும் பொத்தானில்தான் இருந்தது.

விரலை எடுத்தாள். குரல் பேசிக்கொண்டேயிருந்தது. சன்னலால் எட்டி ஏரியல் கம்பத்தைப் பிடித்தாள். மீன்முள் மாதிரிக் கம்பிகள் வைத்த அந்த ஏரியல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துக் குரல்தான் உரத்துக் கேட்கும். கடலை விட்டுத் திருப்பினாள். குரல் உரத்தது. கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கிக் கிடக்கிற களப்புப் பக்கம். இன்னும் உரத்தது. வீட்டின் பின்பக்கம், அடுப்பு இருக்கிற குசினிக்கு நேரே வந்தபோது காது வெடித்தது.

குசினி.

தன் பலமெல்லாம் கூட்டிக் கம்பத்தைக் கடலுக்குத் திருப்பினாள். காற்று. அலை. அதற்குள்ளே கிழிந்து கிழிந்து ஒரு தொண்டை.

“யூலிற்றா, எஞ்சின் நிண்டிட்டுது, கரை தெரியேல்லை. எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன்... நீ ஆரோட கதைச்சுக்கொண்டிருக்கிறாய்?”

“ஐயோ, நான் கேக்கிறனப்பா, சொல்லுங்கோ...”

வெளிச்சம் அணைந்தது. பற்றரி செத்துவிட்டது. வீணாய்ப் போனேனே, உள்ள உயிரையெல்லாம் எதற்கோ ஊற்றிவிட்டேனே என்று செற்றைக் குத்தினாள். பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். ஒன்றுமில்லை.

குசினியில் பானை ஒன்று உருண்டது. ஈரக் கால்கள். மெதுவாக. வாசல்வரை.

அவள் திரும்பிப் பார்த்தாள். மத்தேயுவின் உயரம். இடுப்பில் மத்தேயுவின் சாரம். முகம் இருக்கவேண்டிய இடம் வழவழவென்று வெளிறிக் கிடந்தது.

அந்த இடத்தில் ஒரு வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது. உள்ளேயிருந்து காற்று இரைந்தது, அலை அடித்தது. அடி ஆழத்திலிருந்து மத்தேயு அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.