உள்ளே அடைபட்ட ஆடிக்காற்று

கடைசி ஓட்டையையும் அடைத்துவிட்டுச் சிவபாண்டி ஏணியிலிருந்து இறங்கியபோது, சுவரில் தொங்கிய காலண்டரின் தாள் ஒன்று மெல்ல எழுந்து, அவரைப் பார்த்துவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டது.

வீட்டுக்குள் காற்று இருந்திருந்தால் அதில் தப்பில்லை. இருக்க வழியே இல்லை. ஜன்னல்களுக்குப் பலகை அறைந்து, இடுக்குகளில் சாக்கைத் திணித்து, அடுப்படிப் புகைபோக்கிக்குச் சிமெண்டே பூசியிருந்தார். கரண்டு மத்தியானமே போய்விட்டதால் மின்விசிறியும் ஓடவில்லை.

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். ஒடிசாக் கரையில் புயலுக்கு முன் ஊர் ஊராகப் போய் வீடுகளை அடைக்கச் சொன்னவர். மலையிலிருந்து சூறைக்காற்று இறங்கும் என்று செல்போனுக்குச் செய்தி வந்ததும், பறக்கக்கூடிய எதுவும் வெளியில் கிடக்கக் கூடாது என்று முடிவெடுத்தார். தொழுவத்துத் தகரம் பதினாறு, மண்வெட்டி, கோடாரி, தேங்காய் உரிக்கும் பாரை, பெரிதும் சிறிதுமாக ஒன்பது அரிவாள், கூடையைக் கவிழ்த்து மூடிய சேவல் உட்பட அத்தனையும் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. பின்கதவுக்குக் குறுக்கே மூன்று பலகை வைத்து ஆணி அடித்தார்.

வன்னியம்பட்டியில் ஊர் வழக்கம் வேறு. ஆடிக்காற்று இறங்கினால் முன்வாசல், பின்வாசல் இரண்டையும் திறந்து போடுவார்கள். இப்படி நுழைந்து அப்படிப் போய்விடும். நாலு வருஷத்துக்கு முந்தைய காற்றில் தவசிமுத்துவின் சினையாடு இங்கிருந்து பறந்து ராஜபாளையத்தில் இறங்கிக் குட்டி போட்டது. ஆடு பறந்ததில் யாருக்கும் சந்தேகமில்லை. குட்டி இரண்டா மூன்றா என்பதில்தான் இன்றுவரை சண்டை.

ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மதினி வெள்ளத்தாய் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்திருந்தாள்.

"என்ன கொழுந்தனாரே, வீட்டுக்கே மூடி போடுதீரு?"

"நீங்க தொறந்து போட்டுட்டு, முறத்தைத் தேடி கிருஷ்ணன்கோவில் வரைக்கும் ஓடுங்க மதினி."

"முறம் போனாப் போகுது. காலையில ஒண்ணு வீசுச்சே, அது உம்ம வீட்டுக்குள்ள நுழைஞ்சதைப் பார்த்தேன். வெளிய போனதைப் பார்க்கலை. அனுப்பிட்டா சாத்துதீரு?"

"காத்துக்கு டிக்கெட்டா கிழிச்சுக் குடுக்க முடியும்?" என்று கடைசி ஆணியை இறக்கினார்.

இப்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. மணி ஐந்து இருபது. காலேஜ் ஆபீஸில் வேலை பார்க்கும் அவர் மனைவி மாரிக்கனியைப் பஸ் ஐந்தரைக்குத் தெருமுனையில் இறக்கிவிடும். அவள் வருவதற்குள் இருட்டு வீட்டில் ஒரு விளக்கையாவது ஏற்றலாம் என்று தீக்குச்சியை உரசினார். சுடர் நிமிரவில்லை, படுத்து, கூடத்தின் மூலையைச் சுட்டிக்காட்டியபடி எரிந்தது.

அந்த மூலையிலிருந்து மலைக்காட்டின் வாடை வந்தது. மக்கிய இலையும் ஈரப் பாறையும் எப்போதோ செத்த மிருகத்தின் மயிரும் கலந்த வாடை, சுவரை ஒட்டி ஊர்ந்து, அடைத்த ஒவ்வொரு ஜன்னலிலும் கொஞ்ச நேரம் நின்று, சாக்கை முகர்ந்து பார்த்து, வழி இல்லையென்று தெரிந்ததும் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்து, ஒரு முழுச் சுற்று முடித்து, அவருடைய பிடரிக்கு வந்து சேர்ந்தது.

தகரம் ஒன்று தரையில் உரசியது. பிறகு இன்னொன்று.

கூடை எகிறியது. சேவல் கத்தவில்லை. சுவரில் ஈரமாக ஒரு சத்தம் மட்டும் கேட்டது. இறகுகள் நிதானமாக இறங்கின. சிவபாண்டி முன்கதவுக்கு ஓடினார். தகரம் அவர் காதோரம் பாய்ந்தது. தொட்டுப் பார்த்தார். பாதிக் காது இல்லை.

தாழ்ப்பாளில் கை வைத்தார். திறந்தால் போய்விடும். திறந்தால் போதும்.

"ஏங்க, கதவைத் தொறங்க."

மாரிக்கனி. வாசலுக்கு நேரே நிற்கிறாள்.

அவருக்குப் பின்னால் ஒன்பது அரிவாளும் தரையை விட்டு எழும் சத்தம். தாழ்ப்பாளைத் திறக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஓடு! மதினி வீட்டுக்கு ஓடு!" என்று கத்தினார். வாய் அசைந்தது. சத்தம் இல்லை. கத்துவதற்கு நெஞ்சில் காற்றில்லை. அதையும் அது எடுத்துக்கொண்டிருந்தது.

"உள்ள என்ன உருட்டிக்கிட்டு இருக்கிதிய? புயல் புயல்னு மெசேஜ்தான் வருது. இங்க ஒரு இலை அசையலை."

தாழ்ப்பாள் அவர் விரல்களை உடைத்துக்கொண்டு விலகியது. ஒரு விரல். இரண்டு. கதவு உள்பக்கம் பிளந்தது. அவர் பாய்ந்து இரண்டு கைகளாலும் நிலையைப் பற்றினார். வாசலை உடம்பால் மறைத்தார்.

எல்லாம் அடங்கியது.

படிக்குக் கீழே மாரிக்கனி சாப்பாட்டுப் பையோடு நின்றாள். மாலை வெயில். அசையாத வேம்பு.

"வழியை மறிச்சுக்கிட்டு என்ன நிக்கிதிய? தள்ளுங்க."

முதுகில் ஏதோ ஒன்று தொட்டது. பிறகு பல.

அவர் தள்ளவில்லை.

"சட்டையில என்ன, சிவப்பா?" என்று விரலை நீட்டியபடி அவள் ஒரு படி ஏறினாள். மூன்றாவது பொத்தானுக்கு அருகே நக அளவு வெளியே வந்திருந்த பாரையின் நுனி, அவள் இன்னும் கொஞ்சம் கிட்டே வரட்டும் என்று அசையாமல் நின்றது.