ஊமைச் சுருள்

ஓசையே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த படத்தில் யாரோ இருமினார்கள்.

எக்கார்ட் திரும்பிப் பார்த்தார். லைப்சிக் படக் காப்பகத்தின் நிலவறை அரங்கு. பழைய பிலிமின் புளித்த காடி வாடை, ஆள் எழுந்தால் தானே மடங்கிக்கொள்ளும் நாற்காலிகள், பின்சுவர்க் கண்ணாடிக்கு அப்பால் படத்தை ஓட்டும் யோர்டிஸ். வேறு யாருமில்லை.

"நீ இருமினியாம்மா?"

"இல்ல சார்." ஒலிபெருக்கியில் அவள் குரல். "ஒலிச்சுருள் மக்கிப்போச்சு. படம் மட்டும்தான். அதுல வர்ற பிள்ளைங்க சிரிப்புச் சத்தமே வேற எங்கயோ எடுத்து ஒட்டினதாமே?"

"அப்பல்லாம் ஊமையாத்தான் எடுப்போம்."

"வசதிதான். யார் அழுதாலும் கேக்காது."

கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தபோது அரசுக்காக அவர் எடுத்த படம். அடங்காத பிள்ளைகள் என்று பிடித்து அடைத்த விடுதி. முற்றத்துப் பெஞ்சில் பிள்ளைகள் வரிசையாகச் சிரிக்கிறார்கள். வசந்தகாலம்போல் தெரியவேண்டும் என்று பிப்ரவரிக் குளிரில் மெல்லிய கவுனோடு மூன்று நாள் உட்காரவைத்தார். ஓரத்துச் சிறுமி இருமிக்கொண்டே இருந்தாள். ஒலி பதிவாகவில்லையே, அதனால் நிறுத்தவில்லை. "இருமி முடிச்சுட்டுச் சிரி" என்றார். இரண்டு வாரத்தில் நெஞ்சுச்சளி கட்டிச் செத்துப்போனாள். அவருக்குத் தெரியாது என்று யாரும் பரிந்துபேச வேண்டாம். தெரியும். பரிசு வாங்கப் போனபோதும் தெரியும்.

இப்போது எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு மறுபடி திரையிடுகிறார்கள்.

"செத்துப்போன பொண்ணோட அக்கா கடுதாசி போட்டிருக்காங்க சார். படத்துக்கு முன்னாடி ஒரே வரி போடணுமாம், நடந்தது இதுன்னு. நீங்க சம்மதிச்சாத்தான் சேர்க்க முடியும். அந்தம்மாவுக்கும் வயசாச்சு."

"சொன்னதை எடுத்தேன். நான் கலைஞன்மா."

"அவ பேரு என்ன சார்?"

கேட்டதே இல்லை.

"இருக்கறபடியே ஓட்டு," என்றார்.

அரை வெளிச்சமாக எரிந்த அரங்கு விளக்கும் அணைந்தது. வெளிறிய வெயில், ஈரச் சுவர், காற்றில் படபடக்கும் கவுன்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரிக்கும் முகங்கள் என்று திரை நகர்ந்துகொண்டிருக்க, கோடியில் ஒரு முகம் மட்டும் மெல்லச் சிரிப்பை நிறுத்தியது. பக்கத்து முகமும் நிறுத்தியது. அப்புறம் எல்லாம். யாரும் முறைக்கவில்லை. களைத்துப்போய்ப் பார்த்தார்கள். பிறகு ஒருவர்பின் ஒருவராக எழுந்தார்கள்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

பெஞ்சில் பாதி காலி. இன்னொரு கிறீச். முன்வரிசையிலும்.

"யோர்டிஸ், நிறுத்தும்மா."

"அப்பவே நிறுத்திட்டேனே சார். திரையில ஒண்ணுமில்ல. எதைப் பாக்குறீங்க?"

காலிப் பெஞ்சைப் பார்த்தார். பக்கத்தில் ஒன்றைத் தவிர, சுற்றிலும் எல்லா நாற்காலிகளும் விரிந்திருந்தன. நடுநடுங்கும் சிறு மூச்சுகள். குளிர்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். யாரிடம், என்ன பெயர் சொல்லி?

பக்கத்து நாற்காலி, எடையே இல்லாத யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல், மெதுவாக இறங்கியது. திரும்ப மடங்கவில்லை.