இரண்டாம் தளம், காத்திருப்புக் கூடம்

நிலாக்குடியில் யாரும் யாரையும் "எந்த ஊர்?" என்று கேட்பதில்லை. கேட்டால் கேட்டவருக்கு ஒன்றும் ஆகாது. கேட்கப்பட்டவரின் மனமானிதான் ஓடத் தொடங்கிவிடும்.

இரண்டு தமிழர்கள் சந்தித்து, ஊர் கேட்காமல் பேச்சை எப்படித் தொடங்குவது? தொடங்க முடியாமல்தான் நிலாக்குடிக்காரர்கள் மின்தூக்கியில் தங்கள் காலணிகளைப் பார்த்தபடி நின்றார்கள். சலோமியின் அடுத்த அறைக்காரர் ஒருமுறை தொலைபேசியில் யாரிடமோ "வந்துட்டேம்லா" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அந்த ஒரு 'லா'விலேயே அவர் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்துபோனது. சலோமி தூத்துக்குடி. அதன் பிறகு பத்து வருஷமாக இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: "இன்னைக்கு காத்தழுத்தம் பரவால்ல." "ஆமா, பரவால்ல."

எல்லாம் வரியால் வந்த வினை. உடம்பு இருக்கும் நாட்டில் வரி கட்டுவது பழைய வழக்கம். தொலையுடல்கள் வந்ததும் அது குளறுபடியாகிவிட்டது. நிலவில் படுத்துக்கொண்டே சென்னையில் ஓர் இயந்திர உடம்பை நடமாட விட்டுச் சம்பாதிப்பவன் எந்த நாட்டுக்காரன்? வழக்கறிஞர்கள் பல வருஷம் மோதி, நன்றாகச் சம்பாதித்து, கடைசியில் மனவசிப்புச் சட்டம் பிறந்தது. மனம் எங்கே குடியிருக்கிறதோ அதுதான் நாடு.

அதை அளப்பதற்குக் காதுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு மனமானி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது; எந்த இடத்தில் இருந்து நினைக்கிறீர்கள் என்று மட்டும் தெரியும். எந்த நினைப்பும் ஓர் இடத்தோடுதான் வரும். ஊறுகாயை நினைத்தால், அது இருந்த அலமாரியும் கூடவே வரும். வேலை நேரம், தூக்கம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் மனம் பூமியில் இருந்தால் நிலாக்குடி உரிமம் ரத்து. அடுத்த கப்பலில் இறக்கி அனுப்பிவிடுவார்கள். மூச்சுக்காற்றைக்கூட அளந்து கொடுக்கும் ஊர் அது. மனசு வராத ஆளுக்கு எதற்குக் காற்று என்பது அவர்கள் நியாயம்.

அதனால் பூமியைப் பார்த்த ஜன்னல் உள்ள அறைக்கு அங்கே வாடகை குறைவு. சலோமி அப்படி ஓர் அறையில்தான் இருந்தாள். திரையை மட்டும் திறப்பதில்லை.

அவளுக்குப் பூமியில் யாரும் இல்லை. வீட்டை விற்றாகிவிட்டது. நிலவில் ஓர் அறையும், நீர்மீட்பு நிலையத்தில் வேலையும், வலிக்காத மூட்டுகளும் இருந்தன. ஆறில் ஒரு பங்கு எடையில் அவள் துள்ளித்தான் நடந்தாள். பூமிக்குப் போனால் அந்தக் கால்கள் ஒரு நாள்கூடத் தாங்காது, மிச்ச காலமெல்லாம் சக்கர நாற்காலிதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

சட்டம் கொடுத்த பத்து வருஷத் தவணை முடிந்து, முதல் கணக்குத் தாக்கல் செய்யும் மாதம் வந்தது. நிலாக்குடியின் ஒரே ஆடிட்டர் தணிகாசலம், அவளுடைய மனமானிக் கணக்கைத் திரையில் விரித்துப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிக்கக் கூடாதும்மா, ஆனா சிரிப்பு வருது. பாதிக்கு மேல போயிடுச்சு."

சலோமி திரையை எட்டிப் பார்த்தாள். "எங்க சார் காட்டுது? வீட்டையா?"

"வீடா? வீடு, சர்ச்சு, கல்லறைத் தோட்டம் எல்லாம் சும்மா ஊறுகாய் மாதிரி கொஞ்சம் கொஞ்சம். மிச்சமெல்லாம் ஒரே இடம். பழைய வரி ஆபீஸ், ரெண்டாம் தளம், காத்திருப்புக் கூடம்!" அடக்க முடியாமல் சிரித்தேவிட்டார். "கவலைப்படாதீங்க. இது வரிப் பயம். வெளியேறி வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இதே இடம்தான் காட்டுது. இதுக்குன்னே அச்ச விலக்குன்னு ஒண்ணு கொடுக்கறாங்க. வரிக்குப் பயந்து வரி ஆபீஸை நெனைச்ச நேரத்தைக் கழிச்சிடுவாங்க. விசாரணையில 'பயம்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வேலை முடிஞ்சது."

சலோமி முகம் சிவந்துபோய் எழுந்தாள். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தபோதும் வெட்கம் போகவில்லை. தன் படுக்கையறையை யாரோ திறந்து பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்தக் கூடத்தில் அவள் இருந்தது ஒரே ஒரு நாள். நாட்டை விட்டுப் போவதற்கு முன் வரி பாக்கியில்லை என்ற சான்றிதழ் வாங்க, கணவனும் மனைவியும் நேரில் வர வேண்டும் என்றிருந்தார்கள். அவள் கணவன் அருள்சிங்குக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை, எப்போதும் இரவு முறை. சலோமிக்கு ஆஸ்பத்திரி லேபில் பகல் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவன் உள்ளே வரும்போது அவள் வெளியே போவாள். சாப்பாடு மேஜையில் இருக்கு, கேஸ் மூடியாச்சா என்று வாசற்படியிலேயே குடும்பம் நடந்தது.

அன்றைக்கு அலுவலகத்தின் கணினி படுத்துக்கொண்டது. டோக்கன் எண் நகரவேயில்லை. கூடத்தில் இருந்த எல்லோரும் அதிகாரிகளைத் திட்டிக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. கிரேன் உச்சியிலிருந்து பார்த்தால் விடியற்காலைக் கடல் எப்படி இருக்கும் என்று அவன் சொன்னான். மேலதிகாரி மாதிரி நடித்துக் காட்டினான். அவள் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு பேசுகிற மனுஷனா இவன் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்களுடைய தாம்பத்தியத்தில் அரசாங்கம் பார்த்துக் கொடுத்த ஒரே தேனிலவு அது.

சான்றிதழ் கிடைத்தது. கப்பல் ஏறுவதற்குள் அவனுக்கு நெஞ்சுவலி வந்து, எல்லாம் முடிந்துவிட்டது. விற்ற வீட்டைத் திரும்பக் கேட்க முடியாமல் அவள் தனியாக ஏறினாள். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அந்தக் கூடத்துக்குப் போய், அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறாள். அவளுக்குப் போக வேறு இடமும் இல்லை, பேச வேறு ஆளும் இல்லை.

விசாரணை நாளில் வெளியேறியோர் வரித் துறையின் அதிகாரி ஜமீலா திரையில் தோன்றினாள். நிலவுக்கும் பூமிக்கும் நடுவே ஒவ்வொரு பேச்சும் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த இடைவெளிக்குக்கூடப் பொறுமை இல்லாதவள் போல அவள் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சலோமி அருள்சிங்? உங்க கேஸ் ஒண்ணுதாம்மா பாக்கி. காத்திருப்புக் கூடம். பயம்தானே?"

"பயம்னு சொன்னா என்ன செய்வீக மேடம்?"

"அந்த நேரத்தைக் கழிச்சிடுவோம். உங்களுக்கு நிலாக்குடியில நிரந்தர உரிமம் கிடைச்சிடும். இன்னொரு உதவியும் உண்டு, இலவசம். அந்த இடம் மனசுல எழும்போதெல்லாம் மனமானியே அதை அமுக்கிடும். வலிக்காது. கொஞ்ச நாள்ல அந்த இடமே மறந்துபோயிடும். அப்புறம் எங்களைப் பத்தின பயமே இருக்காது."

ஆடிட்டர் இதைச் சொல்லவில்லை. அவருக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

"இடம் மறந்துட்டா, அங்க பக்கத்துல இருந்த ஆளு?"

"ஆளை மறக்க மாட்டீங்கம்மா. முகம், பேரு எல்லாம் இருக்கும். அங்க நடந்தது மட்டும்..." ஜமீலா முடிக்கவில்லை. பேனாவைத் தட்டுவதும் நின்றிருந்தது.

சலோமி தன் முழங்கால்களைத் தடவிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் இந்த அறை, இந்த வேலை, இந்தத் துள்ளல் நடை எல்லாம் சாகும்வரை அவளுக்குத்தான். அவனுடைய முகம் மட்டும் இருக்கும். அந்த முகம் அவளோடு பேசிய ஒரே நாள் இருக்காது.

"பயம் இல்ல மேடம். எங்க வீட்டுக்காரவுகளும் நானும் அங்கதான் ஒரு நாள் முழுக்கச் சேந்து இருந்தோம். அதான் போறேன்."

"பயம் இல்லைன்னா அது குடியிருப்பு. புரியுதா? அடுத்த கப்பல்ல இறங்கணும். உங்க மருத்துவ அறிக்கை எங்கிட்ட இருக்கு. இங்க வந்தா நடக்கவே முடியாது உங்களால."

"தெரியும். உக்காந்துக்கிட்டேதான இருக்கப் போறேன்."

ஜமீலா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் திரைக்கு அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, கொஞ்சம் எங்க கஷ்டத்தையும் பாருங்க. மனம் குடியிருக்கிற கட்டடத்தை இடிக்கக் கூடாதுன்னு சட்டத்துல ஒரு விதி இருக்கு. 'எங்ககிட்ட வரி வாங்கினா எங்க வீடுகளை இடிக்காதீங்க'ன்னு உங்க வெளியேறியோர் சங்கம் போராடி வாங்கினது. அது எங்க ஆபீஸ் மேலயே திரும்பும்னு யாருக்குத் தெரியும்? இந்தக் கட்டடம் ஒழுகுது. இதை இடிச்சிட்டுப் புதுசு கட்டணும். பாத்தா ஆயிரக்கணக்கான பேரோட மனசு இந்தக் கூடத்துல உக்காந்திருக்கு. அத்தனை பேரையும் எழுப்பி அனுப்பத்தான் இந்த அச்ச விலக்கே."

"அவுக எல்லாரும் பயம்னா சொன்னாக?"

"எல்லாரும். கேட்டதும் சொல்லிட்டாங்க."

ஆயிரக்கணக்கான பேர். அவர்கள் பக்கத்தில் யார் யார் இருந்தார்களோ? அடுத்த அறைக்காரரும் அங்கேதான் எங்கோ ஒரு வரிசையில் உட்கார்ந்திருந்தாரோ என்னவோ. பத்து வருஷமாகக் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று சலோமிக்கு அழுகை முட்டியது. இனிமேல் கேட்டும் பயனில்லை; அவருக்கு அந்த இடமே மறந்திருக்கும்.

"என்னால பொய் சொல்ல முடியாது மேடம். எழுதிக்கிடுங்க, நான் குடியிருக்கேன்."

ஜமீலா பெருமூச்சு விட்டாள். கோபம் என்று சொல்ல முடியாது. எங்கோ ஒழுகும் தண்ணீரின் சத்தம் அவளுக்குப் பின்னாலிருந்து கேட்டது. "சரிம்மா, எழுதறேன். இனி இந்தக் கட்டடத்தை யாரும் தொட முடியாது. அவ்வளவு பெரிய கூடம், அத்தனை நாற்காலி... எல்லாத்தையும் காலி பண்ணியாச்சு. குடியிருப்போர், ஒருவர்."

"ஒருத்தர்னு போடாதீங்க மேடம்," என்றாள் சலோமி. "ரெண்டு பேரு."