நாடி பார்க்கும் பேருந்து

அந்தத் துறைமுக நகரத்தில் பேருந்து நிறுத்தம் என்று எதுவும் கிடையாது. ஓட்டுநரில்லாத பேருந்துகள் ஆள் நிற்கும் இடத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டன. ஒவ்வொரு இருக்கையிலும் நாடியையும் மூச்சையும் அளக்கும் ஒரு நாடியுணரி இருந்தது. உட்கார்ந்தவருக்கு எது இதம், எது தொந்தரவு என்று அது கவனித்துச் சொல்ல, பேருந்துகள் தம் ஓட்டத்தை அவ்வப்போது தாமே திருத்திக்கொண்டன.

மீன் விற்கும் ரெஜினாவுக்கு மட்டும் ஒன்பது நாளாக எந்த வண்டியும் நிற்கவில்லை.

“கையக் காட்டுதேன், கத்துதேன். காலி சீட்டோட போவுது மேடம். யாரோ வேணுமின்னே செய்யுதாவ,” என்று வழித்தட அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

பொறியாளர் சுகந்திக்கும் அதே சந்தேகம்தான். மீன்வாடையே ஆகாத கடற்கரைக் குடியிருப்புச் சங்கத்தார் மேலதிகாரி தனுஷ்கோடியின் அறைக்கு அடிக்கடி வந்துபோவதை அவள் பார்த்திருக்கிறாள். நேரே போய்க் கேட்டாள்.

“நான் ஒரு உத்தரவும் போடல. நம்பிக்கை இல்லைன்னா பதிவைத் திறந்து பாருங்க,” என்றார் அவர். அந்த நிதானமே அவளை உறுத்தியது. திறந்தாள்.

உத்தரவு எதுவும் இல்லை. வெறும் நாடிக் கணக்குதான். ரெஜினா கூடையோடு ஏறிய ஒவ்வொரு முறையும் சுற்றியிருந்தவர்களின் நாடி எகிறியிருந்தது, மூச்சை அடக்கியிருந்தார்கள். யாரும் வாய்திறந்து குறை சொல்லவில்லை. உடம்பு சொன்னதைப் பேருந்து கேட்டுக்கொண்டது. முதல் பதிவு பதினோராம் இருக்கையில். பயண அட்டை சுகந்தியுடையது.

அன்றைய தினம் அவளுக்கு நினைவிருந்தது. சிரித்தபடி நகர்ந்து இடம் கொடுத்தாளே! தனக்கு அருவருப்பு இல்லை என்று மனதார நம்பியிருந்தாளே!

தன் அதிகாரத்தில் உத்தரவு போட்டு ஒரு பேருந்தை வரவழைத்தாள். ரெஜினாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தன் நாடி அமைதியாக இருந்தால் பேருந்து புதிதாகக் கற்றுக்கொள்ளும் என்று எண்ணினாள்.

“யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சுதா மேடம்?”

“மெஷின்ல சின்னக் கோளாறு.”

ரெஜினா அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “மெஷினுக்கு என் மேல என்ன கோவம்?”

சுகந்தியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. கூச்சத்தில் காது சூடாகியது. கூச்சமா, அருவருப்பா என்று பிரித்துப் பார்க்க நாடியுணரிக்குத் தெரியாது. அது உறைத்ததும் அவள் சட்டென்று எழுந்தாள்.

அதற்குள் பேருந்து ஓரங்கட்டி நின்றது. சந்தைக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. ஏற்றிக்கொள்ளச் சொல்லி உத்தரவு எழுதியவளுக்கு, நடுவழியில் இறக்கக் கூடாது என்றும் எழுதத் தோன்றவில்லை.

“ரெஜினா அவர்களே, உங்கள் இடம் வந்துவிட்டது,” என்றது கனிவான குரல். கதவு திறந்தது. மற்ற பயணிகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

“இப்ப யாரு மேடம் செஞ்சா?” என்று கேட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு ரெஜினா இறங்கினாள்.

கூடவே இறங்க சுகந்தி ஒரு அடி வைத்தாள். தயங்கினாள். கதவு மூடிக்கொண்டது.

பேருந்து வேகமெடுத்தது. உள்ளே எல்லோருடைய நாடியும் மெல்லத் தணிந்தது. சுகந்தியுடையதும்.