வாசலில் எரிந்த விளக்குகள்

காலையில் டைல்ஸ் ஒட்ட வந்தவர்தான் முதலில் பார்த்தார். புது வீட்டின் கதவு பூட்டப்படாமல் சாத்தியிருந்தது. உள்ளே, படிக்கட்டின் அடியில், ஒரு வயதான அம்மாள் ஒருக்களித்துக் கிடந்தார். "அம்மா, இங்கல்லாம் படுக்கக் கூடாதும்மா" என்று சொல்லிக்கொண்டே கிட்டே போனவர், போன வேகத்தில் வெளியே வந்து தெருவோரமாக உட்கார்ந்துவிட்டார்.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அதிகம் பேசாத பெண்மணி. எதையும் தொடுவதற்கு முன்னால் தரையைப் பார்ப்பது அவர் பழக்கம். மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. முன்வாசல் முழுக்க சிமெண்ட் தூசி, மாவு சலித்துக் கொட்டியதுபோல் மெத்தென்று கிடந்தது. வேலையாட்களின் தடங்களுக்கு நடுவே ஒரு ஜோடி சின்னச் செருப்புத் தடம் கேட்டிலிருந்து உள்ளே போயிருந்தது. அது படிக்கட்டில் ஏறியது. இறங்கவில்லை.

படிக்கட்டுக்குக் கைப்பிடி இன்னும் வைக்கவில்லை. மாடியில், படி முடியும் இடத்துச் சுவரில் மெயின் போர்டு இருந்தது. அதன் மூடி திறந்திருந்தது. தூசியில் விரல் தடங்கள். ஃபியூஸ் கட்டையைக் காணோம்.

இறந்தவர் வீட்டுக்காரரின் அக்கா. வீட்டுக்காரர் ஐம்பதை நெருங்கியவர். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"கடைசியா எப்ப பேசினீங்க?"

"நேத்து இருட்டற நேரம் மேடம். அக்காதான் கூப்பிட்டாங்க. வாசல்ல நிக்கறேன்டா, வீடே ஜெகஜ்ஜோதியா இருக்குன்னு சொன்னாங்க."

"நேத்து லைட் எரிஞ்சதா?"

"எரிஞ்சது. சாயங்காலம் அந்த வழியா போனேன். ஒயர்மேன் எல்லாத்தையும் போட்டு டெஸ்ட் பண்ணிட்டிருந்தான். தெருவுல நின்னே ஒரு போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்." போனை நீட்டினார். "பழைய வீட்டை விட்டு வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். புது வீட்டுல லைட் எரியறதை என் கண்ணால பாத்தாத்தான் வருவேன்னு சொல்லிட்டிருந்தாங்க."

படத்தில் அந்த வீடே நின்றது. கருநீல வானம். மாடி ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். கேட் தூண்களில் இரண்டு குண்டு விளக்குகள். அவற்றின் ஒளி வாசல் தரையில் நீளமாக வழிந்தது. மேல்சுவரில் கொத்தனார் கட்டிவிட்டு மறந்துபோன கயிறுகூட இருந்தது.

"அப்புறம் எப்படி இருட்டாச்சு?"

"அவன் ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டான் மேடம். வேலை இழுக்குதுன்னு முந்தாநாள் நாலு பேர் முன்னாடி திட்டினேன். அந்தக் கடுப்பு. திடீர்னு லைட் போனதும் அக்கா போர்டைப் பாக்க ஏறியிருக்காங்க."

ஒயர்மேனின் பையைச் சோதித்தார்கள். ஃபியூஸ் கட்டை அதில் இருந்தது. அதைக் கொண்டுபோய்ப் போர்டில் செருகியதும் வீட்டில் இருந்த எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தது. அதற்குமேல் அந்த மனிதர் பேச்சு எங்கே எடுபடும்?

"நான் ஒரு தடவைகூட லைன் குடுக்கல மேடம்" என்றார் ஸ்டேஷனில். "எர்த் ஒயர் இன்னும் இறக்கல. யாராவது சுவிட்சைப் போட்டு ஷாக் அடிச்சிடப்போகுதுன்னுதான் கட்டையை எப்பவும் பையிலயே வெச்சிருந்தேன்."

"நேத்து டெஸ்ட் பண்ணலையா?"

"இல்ல."

"பாத்த சாட்சி யாராவது?"

"எரியாத லைட்டை யாரு மேடம் பாப்பாங்க?"

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிவிட்டு எழுந்தார். வெளியே பெஞ்சில் ஒயர்மேனின் மனைவி மடியில் சாப்பாட்டுக் கேரியருடன் உட்கார்ந்திருந்தாள். உள்ளே விடச் சொல்லிக் கேட்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. மேலதிகாரி இரண்டு முறை போன் செய்துவிட்டார்: போட்டோ இருக்கு, ஃபியூஸ் இருக்கு, பகை இருக்கு, இன்னும் என்ன யோசனை?

யோசனை என்று சொல்ல ஒன்றும் இல்லைதான். அந்தப் போட்டோவைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ உறுத்தியது. எது என்று பிடிபடவில்லை. மறுபடி ஒயர்மேனிடம் போனார்.

"எந்த இடத்துல எந்த லைட்னு யாரு முடிவு பண்ணினது?"

"நான் இல்ல மேடம். வீட்டுப் படமெல்லாம் கம்ப்யூட்டர்ல செய்வாங்களே, அங்க ஒரு பொண்ணு. வீட்டுக்காரர் அவங்ககிட்டதான் கேட்டாரு."

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. வெயில் கொளுத்தும் பகலிலும் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. அந்தப் பெண்ணை ஆபீஸில் 'ஆந்தை' என்று கூப்பிட்டார்கள். பகல் படங்களை மற்றவர்கள் செய்வார்கள். இரவுப் படங்கள் இவள் பொறுப்பு. வேறு யாருடைய வீட்டுக்கோ அப்போது இரவு கொண்டுவந்துகொண்டிருந்தாள்.

"செய்யுங்க, நான் பாக்கறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இது பகல்ல எடுத்த போட்டோ மேடம். முதல்ல வெயிலை அணைச்சிடுவோம். வானம் கறுப்பா இருக்கக் கூடாது, செத்த மாதிரி ஆயிடும். கருநீலம்தான் வீட்டுக்கு எடுப்பு. அப்புறம் ஜன்னலுக்கு உள்ள விளக்கு. ஒவ்வொரு விளக்கோட வெளிச்சத்தையும் கம்ப்யூட்டர் தனித்தனியா கணக்குப் போட்டுத் தரும். வேணுங்கறதை ஏத்தலாம், வேணாங்கறதை இறக்கலாம்." ஒரு கோட்டை விரலால் நகர்த்துவதுபோல் மௌஸை நகர்த்தினாள். சமையலறை ஜன்னல் மங்கியது. கூடத்து ஜன்னல் பொங்கியது. "விளக்கைச் சுத்தி லேசா ஒரு மங்கல் வட்டம். நம்ம கண்ணுக்கு அப்படித்தானே தெரியும். இப்ப தரை."

சிமெண்ட் தரை மெல்ல மின்ன ஆரம்பித்தது. விளக்குகள் அதில் தலைகீழாக நீண்டன.

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்குக் கிட்டே வந்தார். "இங்க மழை பெஞ்சிருக்கா?"

"இல்ல மேடம்." ஆந்தை சிரித்தாள். "காஞ்ச தரை வெளிச்சத்தை முழுங்கிடும், படம் பாதி செத்துடும். நனைச்சு விட்டாத்தான் கீழயும் விளக்கு தெரியும். இந்த வேலை செய்யற எல்லாருமே நனைச்சிடுவோம். பாக்கறவங்களுக்கு அழகா இருக்குன்னு தோணும். ஏன்னு தோணாது."

இன்ஸ்பெக்டர் பையிலிருந்த பிரிண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"அட, இது என் படம். எந்த லைட் போட்டா நல்லா இருக்கும்னு பாக்கணும்னு அந்த வீட்டுக்காரரே போட்டோ எடுத்து அனுப்பினாரு. அந்தக் கயிறை அழிக்கட்டுமான்னு கேட்டேன், இருக்கட்டும்னு சொன்னாரு." நிமிர்ந்து பார்த்தவள் முகம் மாறியது. "என்ன மேடம் ஆச்சு?"

சொன்னார். அவள் மௌஸிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "நான் சும்மா அழகா இருக்கட்டும்னுதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

மாலை நான்கு மணிக்கு, பழைய வீட்டின் முன்னறையில் இன்ஸ்பெக்டரும் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். உறவினர்களை வெளியே இருக்கச் சொல்லியாயிற்று.

"போட்டோ எடுத்தப்போ தரை ஈரமா இருந்ததா?"

"ஆமா. தூசி அடங்கட்டும்னு தண்ணி தெளிச்சிருந்தாங்க."

"சிமெண்ட் தூசியில தண்ணி பட்டா விடியறதுக்குள்ள கல்லாயிடும். காலையில நான் பாத்தப்போ ஊதினா பறக்கற மாதிரி இருந்தது. அங்க யாரும் தண்ணி தெளிக்கல. லைட்டும் எரியல. படத்தைச் செஞ்ச பொண்ணைப் பாத்துட்டுத்தான் வரேன்."

அவர் தலை குனிந்தார். "அக்கா தினமும் நச்சரிச்சாங்க மேடம். இந்த வீட்டை வாங்கினவங்ககிட்ட அடுத்த வாரம் காலி பண்ணித் தரேன்னு வேற சொல்லிட்டேன். படத்தைக் காட்டினா சமாதானமாயிடுவாங்கன்னு அனுப்பினேன். தனியா கிளம்பிப் போவாங்கன்னு சத்தியமா தெரியாது."

"அதை நம்பறேன். பொய் அதோட நின்னிருந்தா நான் இங்க வந்து உக்காந்திருக்க மாட்டேன்." இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவில்லை. "எல்லாரும் ஃபியூஸைத் தேடினோம். மூடியைத் திறந்த விரலை யாரும் யோசிக்கல. வயரிங் முடிஞ்சப்புறம் உங்கக்கா அந்த வீட்டுக்குள்ள வந்ததே இல்லை. முட்டி வலிக்காரங்க. மெயின் போர்டு மாடியில இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மடியில் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தார்.

"வீடு ஜெகஜ்ஜோதியா இருக்குன்னு சொல்லத்தான் கூப்பிட்டாங்கன்னு சொன்னீங்க. வீடு இருட்டா கிடந்தது. அந்த இருட்டுல நின்னுக்கிட்டு அவங்க உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

அவர் பேச ஆரம்பித்தபோது குரல் யாருடையதோபோல் இருந்தது.

"'என்னடா, ஒரு லைட்டையும் காணோமே'ன்னு கேட்டாங்க. படம் பொய்னு சொல்ல வாய் வரல. மெயின் ஆஃப்ல இருக்கும்கா, மாடிப்படி ஏறினதும் போர்டு இருக்கு, போட்டுக்கோன்னு சொன்னேன். கட்டை ஒயர்மேன்கிட்ட இருக்கு, போட்டாலும் எரியாதுன்னு தெரியும். எரியலைன்னா கரண்ட் போயிருக்கும்னு சொல்லிச் சமாளிச்சுடலாம்னு நினைச்சேன்."

"கைப்பிடி இல்லாதது?"

"அந்த நேரத்துல ஞாபகமே வரல. லைன்லயேதான் இருந்தாங்க. 'ஒண்ணும் தெரியலடா'ன்னு சொன்னாங்க. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு ஏறுக்கான்னு சொன்னேன். போர்டைத் திறந்துட்டாங்க. 'இதுல எதுடா'ன்னு கேட்டாங்க. அப்புறம்..." கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஓடினேன் மேடம். தெருமுனை வரைக்கும் போயிட்டேன். வீடு கும்மிருட்டா நின்னுது. உள்ள போக கால் வரல. திரும்பி வந்துட்டேன்."

"ஒயர்மேனை ஏன் இழுத்துவிட்டீங்க?"

"யாராவது ஒருத்தன் பண்ணினதா இருக்கணும்னு தோணுச்சு."

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் செய்து ஒயர்மேனை வெளியே விடச் சொன்னார். பையை மட்டும் கோர்ட் சொல்லும்வரை கொடுக்க முடியாது. பை இல்லாமல் அந்த மனிதர் நாளைக்கு எந்த வேலைக்குப் போவார் என்பதற்கு அவரிடம் வழி இல்லை. போனை வைத்துவிட்டு எழுந்தார். "கிளம்பலாம்."

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டார். கதவருகே நின்று, கேட்கவா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கேட்டுவிட்டார்.

"விழுந்த உடனே போயிருக்கும் இல்ல மேடம்? உயிர்?"

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் மதியம்தான் பேசியிருந்தார். விழுந்த பிறகும் அந்த அம்மாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உயிர் இருந்திருக்கிறது. யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார். நாளைக்கு அறிக்கை வரும். அதில் எல்லாம் எழுதியிருக்கும்.

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, வெளியே நின்ற ஜீப்பின் கதவை அவருக்காகத் திறந்து பிடித்தார்.